திரை இருண்டால் இயந்திரம் செத்துவிட்டதா?

உழவு இயந்திரத்தின் வெப்பமானி முள் அசையாமல் நின்றுவிட்டது என்பதற்காக, அந்த இயந்திரத்தையே பழைய இரும்புக்கு நிறுத்து விற்பவர் எம்மில் எவருமில்லை. முள் பழுது, இயந்திரம் நல்லது என்பது எமக்குத் தெரியும். ஆனால் கொம்பியூட்டரால் இயங்கும் கடைசல் இயந்திரத்துக்கு, அதாவது சி.என்.சி. இயந்திரத்துக்கு, இந்தக் கதி அடிக்கடி நேர்கிறது. ஒருநாட் காலை அதன் திரை இருண்டு கிடக்கும். புதுத் திரைக்குக் கேட்கப்படும் விலையைக் கேட்டு முதலாளி மலைத்துப் போவார். இயந்திரத்தின் மேல் துணி போர்த்தப்படும். அதில் வேலை செய்த இரண்டு பேர் வீட்டுக்குப் போவார்கள்.

கமக்காரருக்கான ஏட்டில் இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். நிலத்தை விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் தொழிற்பயிற்சி பெற்று வேலைத்தளங்களுக்குப் போகிறார்கள். காணி திரும்பக் கிடைத்த பின்னரும் ஒரு கையில் மண்வெட்டியும் மறுகையில் இந்தத் தொழிலுமாக வாழ்பவர்கள் உண்டு. அவர்கள் போய்ச் சேரும் சிறு வேலைத்தளத்தில் புத்தம் புதிய இயந்திரம் இருப்பது அரிது. இருபத்தைந்து, முப்பது வருடங்கள் வேறெங்கோ ஓடிக் களைத்து, இரண்டாம் கைக்கு வந்த இயந்திரமே இருக்கும். அப்படிப்பட்ட இயந்திரத்தில் முதலிற் சாகும் உறுப்புகளுள் ஒன்று திரை. ஆகவே அதைக் குறைந்த செலவில் மாற்றும் விதத்தை அறிந்திருப்பது ஒரு குடும்பத்தின் வருமானத்தைக் காப்பாற்றக்கூடும்.

திரை என்ன வேலை செய்கிறது?

சாதாரண கடைசல் இயந்திரத்தில் வெட்டும் கருவியை நகர்த்துவது தொழிலாளியின் கை. சி.என்.சி.யில் அதே வேலையை மோட்டர்கள் செய்கின்றன; எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்பதை இலக்கங்களாக எழுதிய கட்டளைகள் சொல்கின்றன. இலக்கங்களால் இயந்திரத்தை ஓட்டும் இந்த முறையை 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகம் செய்து காட்டியது. அன்று கட்டளைகள் துளையிட்ட நாடாவில் இருந்தன. பின்னர் அவை இயந்திரத்தின் நினைவகத்துக்குள் வந்தன. அவற்றைப் பார்ப்பதற்குத் திரையும் வந்தது.

இந்தப் பாடத்துக்கு உதாரணமாக யப்பானின் ஃபனுக் நிறுவனத்தின் '0' வரிசைக் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்வோம். 1980களின் நடுப்பகுதியிலிருந்து உலகெங்கும் பரவிய வரிசை இது. இதன் பல இயந்திரங்களில் 9 அங்குல ஒருநிறப் படக்குழாய்த் திரை இருக்கும். கருவி நிற்கும் இடம், ஓடும் கட்டளை, தேய்ந்த கருவிக்குக் கொடுத்த திருத்த அளவு, பழுது அறிவிப்பு ஆகிய யாவும் அதிலேயே தெரியும். திரை கட்டளை கொடுப்பதில்லை, காட்டுவது மாத்திரமே. மூளை வேறு பெட்டியில் இருக்கிறது. ஆகவே திரை இருண்ட பின்னும் மூளையும் கைகளும் நலமாக இருக்க இடமுண்டு.

அதற்காக இருண்ட திரையுடன் இயந்திரத்தை ஓட்டலாம் என்று எண்ண வேண்டாம். பழுது அறிவிப்பு வந்தாலும் தெரியாது. தவறான கட்டளை ஏறியிருந்தாலும் தெரியாது. கண்ணைக் கட்டிக்கொண்டு அரிவாள் வீசுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

முதலில் நினைவகத்தைக் காப்பாற்றுங்கள்

இந்த விடயத்தையே வாசகர்கள் மற்றெதிலும் மேலாக மனதிற் கொள்ள வேண்டும் என விரும்புகிறோம்.

பழைய கட்டுப்பாடுகளில் ஒரு முக்கியமான நினைவகம் மின்சாரம் இருக்கும்வரைதான் எதையும் நினைவில் வைத்திருக்கும். இயந்திரத்தை நிறுத்திய பின் அதற்கு மின்சாரம் கொடுப்பது ஒரு சிறிய பற்றறிப் பெட்டி. '0' வரிசையிற் பெரும்பாலும் இது மூன்று பெரிய ரோச்லைற் பற்றறிகள், மொத்தம் நாலரை வோல்ற். அந்த நினைவகத்தில் வேலைக் கட்டளைகள் மாத்திரமல்ல, பராமீற்றர் எனப்படும் அமைப்பு இலக்கங்களும் இருக்கின்றன. மோட்டர் எந்த வேகத்தில் ஓடலாம், கருவி எந்த எல்லைவரை போகலாம் என்பன போன்ற நூற்றுக்கணக்கான இலக்கங்கள் அவை. பற்றறி செத்தால் அவையும் அழியும். அழிந்தால் நல்ல மோட்டரும் நல்ல மூளையும் இருந்தும் இயந்திரம் அசையாது.

பற்றறி தளரும்போது திரையின் மூலையில் ஓர் எச்சரிக்கை மின்னும். ஆனால் திரை இருண்டு கிடக்கிறதே! எச்சரிக்கை மின்னுவது எவருக்கும் தெரியாது. இயந்திரத்தைத் துணியால் மூடிவிட்டு, பணம் சேரட்டும் பார்ப்போம் என்று மாதக்கணக்கில் விட்டுவைக்கும்போது பற்றறி மெல்ல மெல்ல வடிந்துபோகும். பின்னர் பணம் சேர்த்துப் புதுத் திரையைப் பூட்டினால் அதில் தெரிவது வெறுமை. திரைப் பழுதாகத் தொடங்கியது இயந்திரப் பழுதாக முடிவது இப்படித்தான். 1990களில் தடைசெய்யப்பட்ட பொருட்களுள் ஒன்றாக இருந்த பற்றறியின் அருமையை எமது வாசகர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. எனவே திரை இருண்ட அன்றே, கடைசியாகப் பற்றறி மாற்றிய திகதியை விசாரியுங்கள். ஒரு வருடம் கடந்திருந்தால், அல்லது எவருக்கும் திகதி தெரியாவிட்டால், உடனே மாற்றுவியுங்கள்.

மாற்றும்போது ஒரு விதி உண்டு. கட்டுப்பாட்டுக்கு மின்சாரம் இருக்கும்போதே பற்றறியை மாற்ற வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பற்றறியைக் கழற்றினால் நினைவகம் அழிந்துவிடும். மற்றெல்லா வேலைக்கும் 'முதலில் மின்சாரத்தை நிறுத்து' என்றே நாம் சொல்வோம். இந்த ஒரு வேலைக்கு மாத்திரம் அது பொருந்தாது. பெட்டிக்குள் உயிருள்ள கம்பிகள் இருப்பதால், பழகிய ஒருவரே இதைச் செய்ய வேண்டும். பற்றறியின் நேர்முனையும் மறைமுனையும் மாறக்கூடாது. மாற்றிய திகதியைப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள்.

அடுத்து, மின்பெட்டிக் கதவின் உட்புறத்தைப் பாருங்கள். பராமீற்றர் இலக்கங்களை அச்சிட்ட தாளை அங்கே உறையிலிட்டு வைப்பது பல உற்பத்தியாளரின் வழக்கம். எண்ணெய் பட்டுப் பழுப்பேறிய அந்தத் தாளைக் குப்பையென்று எறிந்தவர்களும் இருக்கிறார்கள். அது காணி உறுதிக்குச் சமம். பிரதி எடுத்து வேறோர் இடத்திலும் வையுங்கள்.

பழுது எங்கே?

மின்குமிழ் எரியாவிட்டால் குமிழைக் குறை சொல்லுமுன் ஆளியையும் உருகியையும் பார்ப்பது போலவே இங்கும் செய்ய வேண்டும். முதலாவதாக மூளை உயிரோடிருக்கிறதா என்று அறியுங்கள். இயந்திரத்தை முடுக்கியதும் விசைப்பலகைக்கு அருகிலுள்ள விளக்குகள் வழமைபோல் எரிகின்றனவா? கருவியைக் கையால் நகர்த்தும் பொத்தானை, மிகக் குறைந்த வேகத்தில், அருகில் எதுவும் இல்லாத பக்கமாக ஒருகணம் அழுத்தினால் அசைகிறதா? அசைந்தால் மூளை நலம். அசையாமல், உள்ளே மூளைப் பலகையில் சிவப்பு விளக்குகளும் எரிந்தால் நோய் வேறிடத்தில் இருக்கலாம். அந்த நிலையில் திரைக்குப் பணம் செலவழிப்பது வீண்.

மூளை நலமென்றால் திரையின் அறிகுறிகளைப் பார்க்கலாம். பழைய ரீ.வி.யை முடுக்கியதும் கண்ணாடிக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோனால் மயிர் சிலிர்ப்பது நினைவிருக்கும். இங்கும் அப்படிச் சிலிர்த்தால் உள்ளே உயர் அழுத்தம் உண்டாகிறது என்று பொருள். வெளிச்சத்தைக் கூட்டும் குமிழைத் திருகும்போது கண்ணாடி முழுவதும் மங்கலாக ஒளிர்ந்து, எழுத்து மாத்திரம் வராவிட்டால், படக்குழாய் நல்லது. சமிக்ஞைதான் வந்து சேரவில்லை. கேபிளின் இரு முனைகளையும், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கழற்றித் துடைத்துப் பூட்டிப் பாருங்கள். அதிர்ச்சியாலும் எண்ணெய்ப் புகையாலும் முனைகள் தளர்வது சாதாரணம். இவ்வளவுடன் சுகமாகிவிட்ட திரைகளும் உண்டு.

திரையின் நடுவே குறுக்காக ஒரேயொரு பளிச்சென்ற கோடு தெரிந்தால், படத்தை மேலும் கீழும் விரிக்கும் சுற்றுப் பழுது. வெளிச்சத்தைக் குறையுங்கள், இல்லாவிடில் அந்தக் கோடு கண்ணாடியில் நிரந்தரத் தழும்பாகிவிடும். எழுத்துகள் உருண்டோடினால் அல்லது சரிந்தால் ஒத்திசைவுச் சமிக்ஞை பிழைக்கிறது. படம் வர ஐந்து, பத்து நிமிடம் எடுத்து, வந்தாலும் மங்கலாகவே நின்றால் குழாய் மூப்படைந்துவிட்டது. மூப்புக்கு மருந்தில்லை. முற்றாக இருண்டு, சிலிர்ப்பும் இல்லையென்றால் திரைக்குரிய மின்வழங்கலையும் உருகியையும் முதலிற் பாருங்கள்.

உயிராபத்து

இங்கே சற்று நிற்போம். படக்குழாயின் பக்கவாட்டில் இறப்பர் மூடி போட்ட தடித்த கம்பி ஒன்று இருக்கும். அதில் பத்தாயிரம் வோல்ற் அளவில் அழுத்தம் உண்டு. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அது குழாயில் தங்கியிருக்கும். மோட்டரை ஓட்டும் பலகைகளிலுள்ள பெரிய கொள்ளளவிகளிலும் அப்படியே தங்கும். அவற்றில் மின்னேற்றம் காட்டும் சிறு விளக்கு அணையும்வரை கைவைக்கக் கூடாது. குழாயின் உட்புறம் வெற்றிடம். குழாய் உடைந்தால் கண்ணாடி உட்புறமாக வெடித்துச் சிதறக்கூடும். ரீ.வி. திருத்தி அனுபவப்பட்டவர் அல்லாத எவரும் பின்மூடியைத் திறக்கக் கூடாது. கற்கும் பிள்ளைகள் ஆர்வத்தில் கைவைக்க முன்வருவார்கள். தடுக்க வேண்டியது பெரியவர்களின் பொறுப்பு.

மூன்று வழிகள்

மிகவும் மலிவான வழி பழைய திரையையே திருத்துவது. குழாய் நல்லதாக இருந்தால், காய்ந்துபோன கொள்ளளவிகளை மாற்றுவதும் வெடித்த ஈயப்பற்றுகளைத் திரும்ப ஒட்டுவதும் பெரும்பாலும் போதுமானவை. உதிரிப்பாகச் செலவு மிகக் குறைவு. பழைய ரீ.வி.க்குள் இருப்பதும் இதற்குள் இருப்பதும் ஒரே குலம். ஆகவே உங்கள் ஊரில் முதிய ரீ.வி. திருத்துனர் ஒருவர் இருந்தால் முதலில் அவரிடம் போங்கள் என்பதே எமது அபிப்பிராயம். இந்த அறிவு அவர்களோடு மறைந்து வருகிறது. இளையவர் ஒருவரையும் உதவியாளாகக் கூட்டிச் செல்லுங்கள்.

குழாய் மூப்படைந்திருந்தால் எல்.சி.டி. திரைக்கு மாறவேண்டியதுதான். கடையில் ஒரு கொம்பியூட்டர்த் திரையை வாங்கிவந்து நேரே பொருத்தினால் வேலை செய்யாது. ஏன் என்பதை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கயிறு பிடித்து வரிசை வரிசையாக நாற்று நடுவதைப் போலவே படக்குழாயும் படத்தை வரைகிறது. மேலிருந்து கீழாக, ஒவ்வொரு வரியாக. ஒரு செக்கனில் எத்தனை வரி என்பதே கிடை மீடிறன். எமது பழைய ரீ.வி.யில் ஒரு படத்துக்கு 625 வரி, செக்கனுக்கு 25 படம். பெருக்கினால் 15,625 வரி. 9 அங்குல ஒருநிற இயந்திரத் திரைகள் பல இதற்கு மிக அண்மித்து, ஏறக்குறைய 15,700 வரியில் வேலை செய்கின்றன. கொம்பியூட்டர்த் திரையோ ஏறத்தாழ 31,500 வரியிலிருந்துதான் தொடங்கும். நாற்றுக் கொடுப்பவர் ஒரு வேகத்திலும் நடுபவர் இருமடங்கு வேகத்திலும் நின்றால் வரிசை எப்படி ஒழுங்காக வரும்? இடையில் ஒருவர் வாங்கிச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அந்த இடையாள்தான் சமிக்ஞை மாற்றிப் பலகை.

ஜி.பி.எஸ். 8200 என்ற பெயரில் விற்கப்படும் பலகை இதற்கு அதிகம் பாவிக்கப்படுகிறது. பழைய விளையாட்டு இயந்திரங்களின் படத்தைப் புதிய திரையிற் காட்டவென்று பிரபலமானது. விலை சில பத்து டொலர்கள். இதனுடன் 8 முதல் 10 அங்குல அளவான சாதாரண எல்.சி.டி. திரை ஒன்று போதும். ஆனால் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். பழைய கட்டுப்பாட்டிலிருந்து வரும் எழுத்துச் சமிக்ஞை 5 வோல்ற் வகை. பலகை எதிர்பார்ப்பது 0.7 வோல்ற். நேரே கொடுத்தால் எழுத்து வீங்கி வழியும், பலகையும் கெடலாம். தொடராக 330 முதல் 470 ஓம் வரையான தடை ஒன்றை இட்டுக் குறைக்க வேண்டும். அதேபோல் பழைய திரைக்கு வந்த மின்வழங்கலை (பல இயந்திரங்களில் 24 வோல்ற்) பலகைக்குக் கொடுக்கக் கூடாது. அதற்கு 5 வோல்ற், எல்.சி.டி.க்குப் பெரும்பாலும் 12 வோல்ற். எந்தக் கம்பியில் எது வருகிறது என்பதை இயந்திரத்தின் கைந்நூலிற் பார்த்து, மல்ரிமீற்றரால் அளந்து உறுதிசெய்த பின்பே பொருத்துங்கள். ஊகம் இங்கே உதவாது. ஒரே வரிசையிலேயே இயந்திரத்துக்கு இயந்திரம் மாறுவதுண்டு, சிலவற்றில் மீடிறனும் 24,000 அளவில் இருக்கும்.

மூன்றாவது வழி, அதே ஆணித்துளைகளும் அதே இணைப்பியும் கொண்டு ஆயத்தமாக வரும் எல்.சி.டி. தொகுதி. பழையதைக் கழற்றிய இடத்தில் இதைப் பூட்ட அரைமணி நேரம் போதும். மாற்றிப் பலகையை விடப் பல மடங்கு விலை. ஆயினும் கையில் அவசர வேலை காத்திருக்க, இயந்திரம் நிற்கும் ஒவ்வொரு நாளும் கூலி நட்டமாகும்போது இதுவே மலிவாக முடியும். விலையை மாத்திரம் பார்க்காமல் நிற்கும் நாட்களையும் கூட்டிக் கணக்குப் பாருங்கள். நெல் அறுவடைக்கு நிற்கையில் இயந்திரப் பழுதுக்கு நாம் பார்க்கும் கணக்கு இதுதான்.

எந்த வழியானாலும் புதிய திரைக்கு முன்னால் தடித்த பிளாஸ்ரிக் கண்ணாடி ஒன்றை இட்டு, ஓரத்தை இறப்பரால் அடையுங்கள். எல்.சி.டி.யின் மேற்பரப்பு மென்மையானது. பறக்கும் இரும்புச் சீவலும் குளிர்ப்பு எண்ணெயும் அதைக் கெடுத்துவிடும். மோட்டர்களின் மின் இரைச்சல் படத்தைக் குழப்புவதால், உறையுள்ள கேபிளையே பாவித்து உறையைப் புவித்தொடுப்பில் இணையுங்கள்.

புள்ளி தெரிகிறதா?

படம் வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் உடனே வேலையைத் தொடங்க வேண்டாம். மாற்றிப் பலகை வழியாக வரும் படத்தில் ஓரங்கள் வெட்டுப்படுவதும், மெல்லிய புள்ளிகள் மறைவதும் உண்டு. ஒரு கடிதத்தில் ஒரு புள்ளி மறைந்தால் எழுத்துப்பிழை. இங்கே அது விபத்து.

இந்த வகைப் பழைய கட்டுப்பாடுகளில், வழமையான அமைப்பின்படி, எக்ஸ் 10 என்று எழுதிப் பின்னால் தசமப்புள்ளி இட்டால் 10 மில்லிமீற்றர். புள்ளி இல்லாமல் எழுதினால் அது 10 மைக்ரோன், அதாவது 0.01 மில்லிமீற்றர். ஒரு புள்ளியால் ஆயிரம் மடங்கு வித்தியாசம். திரையிற் புள்ளி தெரியாவிட்டால், சரியாக இருக்கும் கட்டளையைப் பிழையென்று எண்ணித் திருத்தப்போய் உண்மையிற் பிழையாக்கிவிடலாம். கழித்தற் குறியும் அவ்வாறே. தேய்ந்த கருவிக்கு 0.05 குறைக்க வேண்டிய இடத்திற் கூட்டினால் அந்தத் துண்டு கழிவு. சிலவேளை கருவி சுழலும் பிடியில் மோதும்.

ஆகவே எல்லாப் பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, நான்கு ஓரங்களும் முழுமையாகத் தெரிகின்றனவா, புள்ளியும் குறியும் இரண்டு முழத் தூரத்திலிருந்து வாசிக்கக்கூடியனவா, எச்சரிக்கை எழுத்து மின்னும்போது தெளிகிறதா என்று பாருங்கள். அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தி அறிவிப்பு வருவதை உறுதிசெய்யுங்கள். பின்னர் கருவியை மெதுவாக 10 மில்லிமீற்றர் நகர்த்தி, திரை சொல்வதை அளவுகோலால் ஒப்பிடுங்கள்.

இவையெல்லாம் சரியென்றால், அன்றே செய்யவேண்டிய இன்னொரு வேலை உண்டு. பராமீற்றர்ப் பக்கங்கள் முழுவதையும் கைத்தொலைபேசியாற் படமெடுங்கள். இயந்திரத்தின் 25 முள் இணைப்பி வழியாகக் கொம்பியூட்டருக்கு அவற்றை அனுப்பத் தெரிந்தவர் இருந்தால் அதையும் செய்வியுங்கள். படத்திலிருந்து கையால் ஏற்றுவது ஒருநாள் வேலை. ஆனாலும் ஒன்றுமே இல்லாமல் நிற்பதற்கு அது எவ்வளவோ மேல்.

கழற்றிய படக்குழாயைக் கிணற்றடியிலோ வாய்க்காற் கரையிலோ போட்டுவிடாதீர்கள். அதன் கண்ணாடியில் ஈயம் உண்டு. உட்பூச்சும் கையாற் தொடத்தக்கதல்ல. உடைக்காமல் பெட்டியிலிட்டு, பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, மின்னணுக் கழிவு சேகரிப்பவர் வரும்போது முழுதாகவே ஒப்படையுங்கள். அதிலுள்ள செப்புச் சுருளுக்காகக் குழாயைக் கல்லால் அடித்துடைப்பவர்களைக் கண்டால் தடுத்து நிறுத்துங்கள்.